யாராவது இறங்கித்தானே ஆகணும்

ஐரின் டீச்சரின் வகுப்பில் நான்தான் கடைசி. உட்காரும் இடத்தைச் சொல்லவில்லை. இடம் என்னவோ முதல் பெஞ்ச், ஜன்னலோரம், மலைக்கோட்டைப் பாறை முழுதாகத் தெரியும். பாறையைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் நான் கடைசியானேன் என்று என் மனைவி ருக்ஸார் சொல்வாள். பாறையே இல்லாத ஊரில் படித்திருந்தாலும் என் இடத்தை யாரும் பறித்திருக்க முடியாது.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடியறை. வேலை முடித்துவிட்டுச் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க வரும் கூட்டம். ஜவுளிக்கடை சேல்ஸ்மேன், சவுதிக்கு விசா வந்துவிட்ட எலக்ட்ரீஷியன், மகளைக் கான்வென்டில் சேர்த்துவிட்டு அங்கே போய்ப் பேசப் பயந்த இரண்டு அம்மாக்கள். அப்புறம் தோல் பதனிடும் எங்கள் ஷாப்பிலிருந்து நாங்கள் இருவர்: சூப்பர்வைசர் ஆண்டனிராஜ் அண்ணனும், டெஸ்பாட்ச் கிளார்க்கான நானும்.

எங்களை அனுப்பியது முதலாளி. பதம் போட்ட தோல் வாங்க இத்தாலிக்காரர் ஒருவர் வரப்போகிறார், அவரிடம் பேச ஆள் வேண்டும். ஆண்டனிராஜ் அண்ணன் பேசுவதற்கு. அவர் பயத்தில் மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளிப்பதற்கு நான். முதலாளி இப்படிச் சொல்லவில்லை, ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தத் தண்ணீர்ச் சொம்பு தெரிந்தது.

ஐரின் டீச்சரிடம் ஒரு சட்டம் உண்டு. வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருக்க வேண்டும்.

"ராமு மாம்பழம் சாப்பிடுகிறான்னு நானும் படிச்சேன். எங்க தெருவுல ராமுவும் கிடையாது, மாம்பழமும் கிடையாது. அதான் எனக்கு அந்த இங்கிலீஷ் ஒட்டவே இல்லை. இங்க பொய் சொல்லிப் படிக்கக் கூடாது. பொய்யான வாக்கியம் சொன்னா, போய் அதை உண்மையாக்கிட்டு வந்து உட்காரணும்."

முதலில் மாட்டியவன் நான்தான். டீச்சருக்காகக் கொய்யாப்பழம் கொண்டுவந்திருக்கிறேன் என்று இங்கிலீஷில் அடித்துவிட்டேன். கையைக் காட்டச் சொன்னார். வெறுங்கை. படியிறங்கிப் போய் வாங்கி வரும்வரை வகுப்பு சிரித்தபடி காத்திருந்தது.

படிக்குக் கீழே ஆயக்குடிக் கொய்யாவைக் கூடையில் வைத்து விற்பவர் மாயக்காள். அவர் புருஷன் சடையாண்டி பக்கத்திலேயே தள்ளுவண்டியோடு நிற்பார். மூட்டை ஏற்றுவது, பீரோ இறக்குவது, குழி வெட்டுவது என்று கூப்பிட்ட வேலைக்குப் போவார். வகுப்பில் எல்லோருக்கும் அந்த இருவரைத் தெரியும். டீச்சரின் சட்டத்தால் அதிகம் பிழைத்தது மாயக்காளின் கூடைதான்.

இத்தாலிக்காரர் திங்கட்கிழமை வருகிறார் என்று உறுதியான வாரத்தில்தான் டீச்சர் கரும்பலகையில் 'சம்ஒன்' என்று எழுதினார்.

"இந்த வார்த்தை ஆள் இருக்குன்னு சொல்லும், ஆள் யாருன்னு சொல்லாது. நமக்குத் தமிழ்ல இதுக்கு ரெண்டு இருக்கு. 'யாரோ வந்தாங்க'ன்னா, வந்தது யாருன்னு நமக்குத் தெரியலை. 'யாராவது வாங்க'ன்னா, யாரு வந்தாலும் நமக்குச் சரி. இங்கிலீஷ்காரங்க ரெண்டு பேருக்கும் ஒரே சட்டையைத்தான் மாட்டி விடுறாங்க. கேள்வியா கேட்டா பெரும்பாலும் 'எனிஒன்'. ஆளே இல்லைன்னா 'நோ ஒன்'. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. 'சம்ஒன்' எப்பவும் ஒத்தை ஆள்தான். 'சம்ஒன் இஸ்'னு சொல்லணும், 'ஆர்' போடக் கூடாது. பாவம், கூடத் துணைக்கு வர ஒருத்தரும் கிடையாது."

நாங்கள் சிரித்தோம்.

பயிற்சி இதுதான். ஒருவர் எழுந்து 'சம்ஒன்' வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். உடனே வகுப்பு மொத்தமும் "ஹூ?" என்று கத்தும். அவர் 'சம்ஒன்'னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெயரை வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெயர் வகுப்புக்குத் தெரிந்த பெயராக இருக்க வேண்டும். உண்மையாகவும் இருக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் எழுந்து, யாரோ என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்றார். "ஹூ?" என்றோம். "ஆசாத்" என்றார். நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். உண்மைதான்.

அடுத்து ஆண்டனிராஜ் அண்ணன் எழுந்தார். அவர் வகுப்பின் முதல் மாணவர். மேட்டுப்பட்டிக் கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிற குரல். சட்டைப் பையில் பேனா, மனசில் மேனேஜர் நாற்காலி.

"சம்ஒன் வில் கோ டவுன் இன்டு த டேங்க் ஆன் சண்டே."

ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருத்தர் தொட்டிக்குள் இறங்குவார்.

வகுப்புக்கு அது என்ன தொட்டி என்று தெரியாது. எனக்குத் தெரியும். தோல் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீரும், சீவி எறிந்த சதையும், மயிரும் போய்ச் சேரும் கழிவுத் தொட்டி. அதைத் தூர் வாரி வெகுகாலம் ஆகிவிட்டது. உறிஞ்சும் லாரிக்குச் சொல்லிவிட்டோம். அடுத்த மாதம்தான் வரும் என்றார்கள். இத்தாலிக்காரர் கழிவைப் பார்க்காமல் தோலைப் பார்க்க மாட்டாராம். எங்கள் ஷாப்பில் யாரைக் கேட்டாலும், வேறு என்ன வேலை வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்று நழுவினார்கள். வேறு ஊரில் இதே மாதிரித் தொட்டியில் இறங்கிய ஆளையும், அவரைத் தூக்க இறங்கிய ஆளையும் சேர்த்தே வெளியே எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். யாரை இறக்குவது என்று அந்த நிமிஷம்வரை ஆண்டனிராஜ் அண்ணனுக்கே தெரியாது.

"ஹூ?" என்று வகுப்பு கத்தியது. நானும் கத்தினேன். பழக்கம்.

அண்ணன் திணறினார். பெயர் வேண்டும், தெரிந்த பெயராக வேண்டும். கண் கூரைக்குப் போனது, கரும்பலகைக்குப் போனது, என் தலைக்கு மேலாக ஜன்னலுக்கு வந்தது.

"சடையாண்டி வில் கோ டவுன் இன்டு த டேங்க் ஆன் சண்டே."

"வெரி குட்" என்றார் டீச்சர்.

கீழே தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன சார், கூப்டீங்களா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சடையாண்டி வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட்ட கையோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று தெரியாமல் அவரும் சிரித்தார். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

வகுப்பு முடிந்ததும் ஆண்டனிராஜ் அண்ணன் நேராகப் படியிறங்கினார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அந்த வாக்கியத்தை அங்கேயே மறந்திருப்பார். முதல் மாணவர் ஆயிற்றே, சொன்னதை உண்மையாக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

"சடையாண்டி, ஞாயித்துக்கிழமை ஷாப்புல ஒரு வேலை இருக்கு. தொட்டி வாரணும். வாரியா?"

"வாரேன் சார். அதுக்கென்ன."

"நல்லாச் செஞ்சு குடுத்தா, ஷாப்புலயே நெரந்தரமா ஒரு வேலை போட்டுத் தரச் சொல்லி முதலாளிகிட்ட பேசுறேன்."

சடையாண்டியின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அண்ணன் போனதும் நான் கொய்யா பொறுக்குவது போலக் குந்தினேன்.

"அந்தத் தொட்டிக்கு வேண்டாம் சடையாண்டி. உள்ள விஷவாயு இருக்கு."

"நாத்தந்தான பாய்? நான் பாக்காத நாத்தமா? ஒரு மடக்கு உள்ள ஊத்திட்டு எறங்கினா ஒண்ணும் தெரியாது."

"நாத்தம் இல்லப்பா. மூச்சே நிக்கும்."

"அப்ப நீங்க எப்பிடி அங்கன இம்புட்டு வருசமா மூச்சு விடுறீக?"

"நான் ஆபீஸ்ல உட்கார்ந்து விடுறேன்."

அவர் சிரித்தார். நான் எதைச் சொன்னாலும் அதில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறவிக்கோளாறு. மாயக்காள் மட்டும் சிரிக்கவில்லை. பழத்தைத் துடைத்தபடி என்னையே பார்த்தார்.

"எம்புட்டு ஆழம் தம்பி?"

"ஆள் முங்கும்க்கா."

"நெரந்தர வேலையாம்ல" என்றார், எனக்குச் சொல்வது போலவும் தனக்குச் சொல்வது போலவும். பழத்தைக் கூடையில் வைத்தார். அதையே திரும்ப எடுத்துத் துடைத்தார்.

மறுநாள் முதலாளியிடம் போனேன். தொழுகை முடிந்து நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். லாரி வரும்வரை பொறுக்கலாமே, இத்தாலிக்காரரிடம் பேசிப் பார்க்கலாமே என்றேன். முதலாளியும் நல்லவர்தான். நான் உட்கார நாற்காலி காட்டினார்.

"எனக்கு மட்டும் ஆசையா ஆசாத்? ஆர்டர் போனா ஷாப்பை மூடணும், அம்புட்டுக் குடும்பமும் தெருவுல நிக்கும். யாராவது இறங்கித்தானே ஆகணும்."

யாராவது. டீச்சர் சொன்ன அந்த இரண்டாவது ஆள். யார் வந்தாலும் நமக்குச் சரி.

வெளியே வந்து தொட்டியைப் போய்ப் பார்த்தேன். மேலே தகரம் போட்டு, தகரத்தின் மேல் கல் வைத்திருந்தார்கள். ஷாப் முழுக்கச் சதைத் துணுக்குக்காகக் காக்கை அடித்துக்கொள்ளும். தொட்டிப் பக்கம் ஒரு காக்கை இல்லை. வாட்ச்மேனின் நாய் என்னோடு வாலாட்டிக்கொண்டே வந்தது, கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. கூப்பிட்டேன். வரவில்லை. தகரத்துக்கு அடியிலிருந்து 'ப்ளுக்' என்று ஒரு சத்தம். செத்த நேரம் கழித்து இன்னொன்று. உள்ளே என்னவோ உட்கார்ந்து நிதானமாக மென்றுகொண்டிருப்பது போல இருந்தது. நானும் நாயும் சேர்ந்தே திரும்பி வந்தோம்.

சனிக்கிழமை வகுப்பு. முந்தைய பாடத்தையே திருப்பிப் பார்க்கும் நாள். என் முறை வந்தது. எழுந்தேன். நான் எழுந்தாலே வகுப்பு சிரிக்கத் தயாராகிவிடும்.

"சம்ஒன் வில் கோ டவுன் இன்டு த டேங்க் டுமாரோ" என்றேன்.

ஆண்டனிராஜ் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"ஹூ?" என்று வகுப்பு உற்சாகமாகக் கத்தியது.

கீழே ஜன்னலுக்கு வெளியே மாயக்காள் கொய்யாவுக்குக் கூவும் குரல் கேட்டது. நான் என்ன சொல்லலாம் என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஆண்டனிராஜ் என்று சொல்லலாம், முதலாளி என்று சொல்லலாம். இரண்டும் பொய்யாகிவிடும். என் கைவசம் இருந்த உண்மைப் பெயர் ஒன்றே ஒன்றுதான்.

"ஆசாத் வில் கோ டவுன் இன்டு த டேங்க் டுமாரோ."

சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது. என் முகத்தில் என்ன இருந்ததோ.

"பாய், விளையாடாதீங்க" என்றார் ஆண்டனிராஜ் அண்ணன், தமிழில்.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "ஆசாத், அது என்ன தொட்டி?"

சொன்னேன். முழுதாக, ஒரு சிரிப்பும் ஒட்டாமல். டீச்சர் அண்ணனைப் பார்த்தார். அன்றைக்குத் தான் "வெரி குட்" என்று சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"வாக்கியம் உண்மைதானா?" என்று மெல்லக் கேட்டார்.

"நாளைக்கு உண்மையாயிரும் டீச்சர்."

ருக்ஸாரிடம் நாளைக் காலை ஷாப்பில் சின்ன வேலை என்று மட்டும் சொன்னேன். வேறு வாக்கியம் கைவசமில்லை. "ஞாயித்துக்கிழமையுமா?" என்றாள். மத்தியானம் பிரியாணி, நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்றாள். வந்துவிடுகிறேன் என்றேன். அதையும் உண்மையாக்க வேண்டும்.

காலையில் நான் போனபோது தகரத்தை நகர்த்தியிருந்தார்கள். ஆண்டனிராஜ் அண்ணன் முதல் பூசை பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார், வெள்ளைச் சட்டை, நெற்றியில் வியர்வை. சடையாண்டி அரை டவுசரோடு நின்று இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரும்பு வாளி. தூரத்தில், நாய் நின்ற அதே இடத்தில், மாயக்காள்.

நான் சட்டையைக் கழற்றினேன். பல வருஷப் பிரியாணி வெயிலில் வந்து நின்றது. சடையாண்டியே வாயைப் பொத்திக்கொண்டார்.

"கயித்தை இங்கன குடு" என்றேன்.

"எதுக்கு பாய்?"

"நான் எறங்கணும். நேத்து கிளாஸ்ல சொல்லிட்டேன்."

ஆண்டனிராஜ் அண்ணன் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். "உங்களுக்குப் பைத்தியமா? நீங்க எறங்கக் கூடாது."

"ஏன்ணே?"

"ஏன்னா? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது? வீட்டுல கேப்பாங்க, ஜமாத்துல கேப்பாங்க, முதலாளி கேப்பாரு, ஆசாத் எங்கேன்னு ஊரே கேக்கும்."

"சடையாண்டி எங்கேன்னு?"

அண்ணன் வாயைத் திறந்தார். தொட்டிக்குள்ளிருந்து 'ப்ளுக்' என்றது. அந்தச் சமயத்தில் காற்று கொஞ்சம் எங்கள் பக்கம் திரும்பியது. கண் எரிந்தது, தொண்டையில் யாரோ விரலை வைத்து அழுத்தியது போல இருந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தோம். கயிற்றின் ஒரு முனை என் கையில், ஒரு முனை சடையாண்டியின் இடுப்பில், நடுவில் அண்ணன்.

மாயக்காள் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. புருஷனின் இடுப்பில் இருந்த முடிச்சை அவிழ்த்தார்.

"வா, போவோம்."

"வேலை புள்ள..."

"கேக்க ஆள் இருக்கவுகளே எறங்கக் கூடாதாம்ல. வா."

சடையாண்டி சட்டையை எடுத்துத் தோளில் போட்டார். அண்ணன் கயிற்றைச் சுருட்டினார். "சரி பாய், நீங்க வீட்டுக்குப் போங்க. பம்புக்கு ஏற்பாடு பண்ண முடியுதான்னு பாக்குறேன்" என்றார். குரல் தளர்ந்து, நல்ல குரலாக இருந்தது. நான் நம்பினேன். நம்புவதற்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

வீட்டுக்குப் போய், குளித்து, பிரியாணியை ஒரு வீரனுக்குரிய அளவில் சாப்பிட்டேன். ருக்ஸாரிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். தூங்கிவிட்டேன். அப்படி ஒரு தூக்கம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை.

திங்கட்கிழமை காலை இத்தாலிக்காரர் வந்தார். ஷாப்பைச் சுற்றிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனபோது என் கால் தானாக நின்றது. தகரம் இல்லை. தொட்டி வாரிக் கழுவி, சுற்றிலும் ப்ளீச்சிங் பவுடர் தூவி, கோலப்பொடி போட்ட வாசல் மாதிரி இருந்தது. இப்போது காக்கைகள் வந்து விளிம்பில் உட்கார்ந்திருந்தன.

இத்தாலிக்காரர் எட்டிப் பார்த்தார். "வெரி நைஸ். வெரி க்ளீன். ஹூ டிட் திஸ்?" என்றார்.

ஹூ?

ஆண்டனிராஜ் அண்ணன் டை கட்டியிருந்தார். வகுப்பின் முதல் மாணவருக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். தண்ணீர்ச் சொம்புக்கு வேளை வந்துவிட்டது.

"சம்ஒன், சார்" என்றேன்.

இத்தாலிக்காரர் தலையாட்டிவிட்டு அடுத்த கொட்டகைக்கு நடந்தார். ஒரு வெள்ளைக்காரரிடம் நான் பிசகில்லாமல் பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான். முதலாளி போகிற போக்கில் என் முதுகில் தட்டினார். தட்டிய இடம் சுட்டது.

அவர் ஆபீஸுக்குள் போனதும் அண்ணனைச் சுவரோரம் நிறுத்தினேன்.

"பம்புதானேண்ணே?"

"பம்பு கெடைக்கலை பாய்."

"யாரு எறங்குனது?"

"யாரோ. பஸ் ஸ்டாண்டுகிட்ட வேலைக்கு ஆள் நிப்பாங்கள்ல, அங்கன நின்னான். எரியோட்டுப் பக்கமாம். மத்தியானம் கூட்டிட்டு வந்தேன்."

யாராவது இறங்க வேண்டியிருந்தது. யாரோ இறங்கிவிட்டார்.

"ஏறிட்டானா?"

"ஏறிட்டான்." அண்ணன் டையின் முடிச்சைப் பிடித்து இழுத்தார். "கடைசி வாளிக்குச் சாஞ்சுட்டான். கூப்பிடலாம்னு பாத்தா பேர் தெரியலை. கேக்கவே இல்லை பாய் நான். 'ஏலே, ஏலே'ன்னு கத்துறேன், அவன் நிமிரவே இல்லை. கயித்தைப் பிடிச்சு நாங்க ரெண்டு மூணு பேரா இழுத்துப் போட்டோம். தண்ணி ஊத்தினதும் எந்திரிச்சுட்டான். ஒண்ணுமில்லை சார்னான். ஆஸ்பத்திரிக்கு வான்னேன், வேணாம்னுட்டான். நானே எரியோட்டு பஸ்ல ஏத்தி விட்டேன். சீட்டு புடிச்சு உக்கார வச்சேன் பாய்."

சீட்டு பிடித்துக் கொடுத்ததைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது.

"வேன் சாவியை எடுங்க" என்றேன்.

போகும் வழியில் நாகல் நகரில் சடையாண்டியை ஏற்றிக்கொண்டோம். நாலு இடத்தில் கூலி வேலை செய்த ஆளுக்கு எரியோட்டில் நாலு பேரையாவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அண்ணன் டையைக்கூடக் கழற்றாமல் ஓட்டினார். இரண்டு பக்கமும் காய்ந்த சோளக்காடு வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது.

எரியோட்டு டீக்கடையில் இறங்கினோம்.

"நேத்து திண்டுக்கல்லுக்கு வேலைக்குப் போன ஆள் ஒருத்தரு..." என்று தொடங்கினேன்.

"தெனம் அம்பது பேரு போறான். யாரு?" என்றார் டீ ஆற்றியவர்.

யாரு? அதே கேள்வி, தமிழில். வகுப்பே கத்துவது போலக் காதில் விழுந்தது.

"ஒல்லியா, கறுப்பா..." என்றார் ஆண்டனிராஜ் அண்ணன்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒல்லியாக, கறுப்பாக எங்களைப் பார்த்தார்கள்.

சடையாண்டிதான் பேசினார். "அண்ணே, நேத்துச் சாயங்கால பஸ்ல வந்து எறங்குன ஆளு. மேலுல தோல் ஷாப்பு நாத்தம் அடிச்சிருக்கும். கண்ணு செவந்திருக்கும்."

பெஞ்சில் இருந்த ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நாத்தம் தாங்காம டிக்கெட்டு குடுக்குறவன் சத்தம் போட்டானே, அந்த ஆளா? காலனியில கடைசி வீடு."

கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். வேனையும் டையையும் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே இருட்டில், பாயில், ஒருவர் ஒருக்களித்துக் கிடந்தார். மூச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கொரகொரத்தது. 'ப்ளுக்' என்று தகரத்துக்கு அடியில் கேட்ட சத்தம் அந்த நெஞ்சுக்குள்ளே இருந்தது.

"ராத்திரி நல்லாத்தேன் கஞ்சி குடிச்சாரு. விடிஞ்சதுலேர்ந்து இப்பிடி. பேச்சு வரலை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் கண்ணைத் தொறந்து பாக்குறாரு" என்றாள்.

"பேரு என்னம்மா?" என்று கேட்டேன். அதைக் கேட்க நாங்கள் திண்டுக்கல்லிலிருந்து எரியோடு வரை வரவேண்டியிருந்தது.

"வெள்ளிமலை."

தூக்கி வேனில் கிடத்தினோம். தலையைச் சடையாண்டி மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் ஓட்டிய வேகத்துக்கு ரோட்டில் போன ஆடுகள்தான் சாட்சி. நான் வழியெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே வர முயன்றேன், அந்தப் பெண்ணுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று. ஒரு வேடிக்கையும் வரவில்லை. வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் கடை மூடிக் கிடந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு ஓடினோம். சீட்டு எழுதுகிறவர் நிமிராமல் கேட்டார்.

"யாரு?"

ஆண்டனிராஜ் அண்ணன் முந்திக்கொண்டார். அவர் கழுத்தில் டை காதுப்பக்கம் திரும்பியிருந்தது.

"வெள்ளிமலை. எரியோடு. எங்க ஷாப்புல தொட்டியில எறங்கினவரு. நான்தான் எறக்கினேன். எம்பேரு ஆண்டனிராஜ். எழுதிக்கங்க."

எழுதுகிறவர் இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

மூக்கில் குழாயை வைத்துவிட்டு, ஒரு சின்ன டாக்டர் எங்களிடம் வந்தார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார். "தூங்க விடாதீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க."

கட்டிலின் ஒரு பக்கம் அந்தப் பெண், ஒரு பக்கம் சடையாண்டி, கால்மாட்டில் நாங்கள் இருவர். சாயங்காலம் வகுப்புக்கு மணியாகியிருக்கும். டீச்சர் கரும்பலகையில் அடுத்த வார்த்தையை எழுதியிருப்பார், முதல் பெஞ்சில் இரண்டு இடம் காலியாக இருக்கும். தலைமாட்டுச் சிலிண்டரில் மாட்டிய தண்ணீர் பாட்டிலுக்குள் காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். அதைக் கேட்காமல் இருக்க நான் குரலை உயர்த்தினேன்.

"வெள்ளிமலை" என்றேன். கண் திறக்கவில்லை.

"வெள்ளிமலை" என்றார் ஆண்டனிராஜ் அண்ணன், கோயிலில் வாசிக்கும் குரலில்.

"யப்பா வெள்ளிமலை, ஏய்யா வெள்ளிமலை" என்றார் சடையாண்டி.

பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், யார் வெள்ளிமலை என்று கேட்டார். நாங்கள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.